முதுகு தெரிந்த படம்

மலையூர் பிரிஞ்சாங்கில் நான் மதியம் சாப்பிடும் மீ நூடுல்ஸ் கடையில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்னக் கண்ணாடிச் சாடி இருக்கும். வினிகரில் ஊறிய பச்சை மிளகாய். யாராவது மூடியைத் திறந்தால் போதும், மூக்கின் உச்சியில் குத்துகிற அந்தப் புளித்த வாசம் எழுந்துவிடும். எதிரே மீ கிண்ணம் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். நான் அங்கே இருக்க மாட்டேன். ஓட்டலின் மூன்றாம் மாடியில், படுக்கை விரிப்புகளை அடுக்கிவைக்கும் சன்னல் இல்லாத அறையில் நின்றுகொண்டிருப்பேன். பக்கத்தில் ஒருத்தி தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த அறையில்தான் நான் படம் கழுவினேன். தாளில் உருவம் தேவையான அளவு எழுந்ததும் அதை அங்கேயே நிறுத்த ஒரு புளிப்பு நீர் வேண்டும். அதற்கென்று விற்பதை ஈப்போவிலிருந்து வரவழைத்தால் பத்து நாள் ஆகும். பத்து நாள் காத்திருக்கிற உடம்பு என்னுடையதல்ல. எதிர்க் கடையில் வெள்ளை வினிகர் வாங்கித் தண்ணீர் கலந்தேன், வேலை நடந்தது. சிவப்பு விளக்குக்கும் அலையவில்லை. ஓட்டல் முதலாளி சீனர். எல்லாரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய சாமி மேடையில் இரண்டு சிவப்பு பல்புகள் எந்நேரமும் எரியும். மாற்றுக்கு ஒரு டஜன் அலமாரியில் கிடக்கும். ஒன்று கேட்டேன்.

"படம் நல்லா வந்தா சாமிக்கு ஒரு ஆரஞ்சு வச்சிடு லா," என்றார் மலாயில்.

வைத்தேன். சில படங்கள் நன்றாக வந்தன.

அப்போது நான் அந்த ஓட்டலின் முன்மேசையில் இருந்தேன். சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, வெந்நீர் வரவில்லை என்பவர்களிடம் வரும் என்பது. காலையில் தொடங்கி மூன்று மணிக்கு முடியும் வேலை. இந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள்தான். ஆனால் ஏழு வயதில் அப்பா லாரி ஓட்டக் கீழே போனார், நாங்களும் போனோம். ஈப்போ, கிள்ளான், ஜொகூர், மறுபடி ஈப்போ. எந்த ஊரிலும் மூன்று மழைக்காலத்துக்கு மேல் இருந்ததில்லை. நாற்பத்தெட்டு வயதில் மலைக்கே திரும்பினேன். சொந்த ஊர் கூப்பிட்டதால் அல்ல. ஆள் தேவை என்று ஒரு பலகை தொங்கியது, அவ்வளவுதான்.

கூடவே ஒரு பிலிம் கேமரா வந்தது. பழையது, கனமானது. இங்கே காற்றில் தண்ணீர் இருக்கிறது. கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் கேமராவை பிஸ்கட் டின்னில், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களோடு தூங்கவைப்பேன். மூன்று மணிக்கு எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போவேன். ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம். வாரத்துக்கு ஒரு சுருள். வெளிக்காற்று பட்டதும் லென்ஸில் மூச்சு படியும், அது தெளியும்வரை அதைச் சட்டைக்குள் விட்டு உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். ஒரு பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போவதுபோல இருக்கும்.

தேயிலைப் பக்கம் போக மாட்டேன். அங்கே ஏற்கெனவே ஊர்பட்ட கேமராக்கள். பஸ் நின்றதும் இறங்கி, கொழுந்து எடுப்பவர்களின் முகத்துக்கு நேரே நீட்டி, இரண்டு விரலைக் காட்டச் சொல்லி, ஏறிப் போய்விடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கொரு விதி பிறந்தது. நான் முகத்தை எடுப்பதில்லை. தெருவை எடுப்பேன், தெருவில் போகிறவர்களைப் பின்னாலிருந்து எடுப்பேன். முட்டைக்கோஸ் ஏற்றும் முதுகு, குடைக்குக் கீழே ஒரு கழுத்து, மோட்டாரில் போகிறவனின் தோளில் ஒட்டியிருக்கும் ஈரம். முகம் இல்லையென்றால் அது யாருடைய படமும் அல்ல, எல்லாருடைய படமும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு வேலை நாள். மூன்றே கால் இருக்கும். மூட்டம் மலையிலிருந்து இறங்கிக் கடைகளின் முன்நடைபாதை வரை வந்து உட்கார்ந்துகொண்டது. மார்க்கெட்டுக்கு எதிர்த்த சந்தில் ஒரு பூ லாரி நின்றது, திரிங்காப் பக்கத்திலிருந்து வந்தது. ஒரு பெண் லாரியிலிருந்து செவ்வந்திக் கட்டுகளை இறக்கிக் கடைக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தாள். நியூஸ் பேப்பரில் சுற்றிய கட்டுகள். இரண்டு கை நிறைய, முகவாய் வரை. மூட்டத்துக்குள் அவள் நுழைய நுழைய உடம்பு கரைந்துகொண்டே போக, தோளுக்கு மேல் பூக்கள் மட்டும் வெள்ளையாக மிஞ்சின. ஒன்று எடுத்தேன், கேமரா ஆடிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று. பதினேழாவது, பதினெட்டாவது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் நிற்கவில்லை.

அந்தப் பதினெட்டாவது படம் தட்டிலிருந்து எழுந்து வந்தபோது நான் சாமிக்கு நாலு ஆரஞ்சு வைத்தேன்.

தவுக்கே படங்களைப் பார்த்தார். ஓட்டல் நுழைவறையில், மாடிப்படி ஏறும் சுவரில் மாட்டலாம் என்றார். ஐந்து படம் தேர்ந்தெடுத்தோம். நடுவில் பதினெட்டு. என் வழக்கப்படி ஒவ்வொன்றின் கீழ் ஓரத்திலும் பென்சிலால் நாளும் இடமும் எழுதியிருந்தேன். படம் எடுப்பவர்களுக்கு இது ஒரு நோய். சட்டம் போட்டவன் அந்த எழுத்தும் தெரியும்படி போட்டுவிட்டான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மாட்டிய மறுநாள் காலை, அறைகளைச் சுத்தம் செய்யும் அம்மாள் வாளியோடு படியேறியவர் பாதியில் நின்றுவிட்டார். ஓட்டலில் அவரை ஆண்ட்டி என்போம். முப்பது வருஷம் தோட்டத்தில் கொழுந்து எடுத்துவிட்டு, முட்டி போனபிறகு இங்கே வந்தவர். இப்போதும் லயத்திலிருந்துதான் வேன் பிடித்து வருவார்.

"ஏம்மா, இவள எப்ப புடிச்ச?"

"யார ஆண்ட்டி?"

"இவளத்தான்." ஈர விரல் கண்ணாடியில் பட்டது. "எங்க மேல் லயத்துக்காரி."

"மொகமே தெரியல. எப்படிச் சொல்றீங்க?"

என்னைப் பார்த்தார். பாவம், படித்த பிள்ளை என்பதுபோல் ஒரு பார்வை.

"மொகத்த யாரு பாத்தா? தேயில நெரையில நிக்குறப்ப மூட்டம் வந்துருச்சுன்னா முன்னால போறவ முதுகுதானம்மா தெரியும். முப்பது வருஷம் முதுகப் பாத்தே ஊர்க்கத பேசியிருக்கோம். இந்தா, தோளப் பாரு, எடது பக்கம் எறங்கி. கொழுந்துக் கூட தூக்குனது. தலத்துண்டு முடிச்சப் பாரு, காதுக்கு மேல. அவ ஒருத்திதான் அங்க போடுவா. கழுத்துல போட்டா சளி புடிக்குமாம், மகாராணிக்கு. பூட்ஸுல சைக்கிள் டியூப்பு ஒட்டு வேற. இதுக்கு மேல என்னா வேணும், ஐசி கார்டு நம்பரா?"

நான் மறுபடி பார்த்தேன். தோள் சரிந்துதான் இருந்தது. நான் அதை மூட்டத்தின் சரிவு என்று நினைத்திருந்தேன்.

ஆண்ட்டி இடுப்பிலிருந்து போனை எடுத்து, படத்தைப் படம் பிடித்தார். "அனுப்பி வுடுறேன். டவுன்ல தொங்குறாளே, சந்தோசப்படுவா." வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. நான் வேலை முடிந்தும் மழைக்காக முன்மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பதைத் தொட்டிருப்பாள். குளித்து, தலை பின்னி, பொட்டு வைத்து, இஸ்திரி போட்ட சுடிதார். குடையைக் கதவுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ரூம் வேணுமா? எத்தன பேரு?" என்றேன்.

"படம் புடிக்கிற அக்கா நீங்கதானே?"

அவள் மாடிப்படிப் பக்கம் தலையை மட்டும் ஆட்டினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வாரமாக அவளோடு இருட்டறையில் இருந்தவள் நான். நேருக்கு நேர் நின்றபோது யாரென்றே தெரியவில்லை.

"அத எறக்கிடுங்கக்கா," என்றாள்.

"ஏன்? நல்லாத்தானே..."

"நல்லாத்தான் இருக்கும். எறக்கிடுங்க."

குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. மழை வருது, துணியை எடுங்க என்பதுபோல் சொன்னாள். நான் காரணம் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேசையில் சாய்ந்தாள்.

"அன்னிக்கி எனக்கு எம்சி."

எம்சி என்றால் டாக்டர் எழுதித் தரும் விடுப்புச் சீட்டு. சீட்டு வாங்கியவர் வீட்டில் படுத்திருக்க வேண்டும். இவள் படுக்கவில்லை. மகளின் டியூஷனுக்காகப் பூக்கடைக்கு மூட்டை தூக்கப் போயிருக்கிறாள். அதற்கு முன்னாலும் இப்படி இரண்டு முறை பிடிபட்டு, தோட்டத்து ஆபீஸிலிருந்து இரண்டு கடிதம் வாங்கியாயிற்று.

"மூணாவது லெட்டர் வந்தா வேல போச்சு. வேல போனா வீடு போச்சு. லயத்து வீடு என் பேருலதான் ஓடுது. அவருக்கு இடுப்பு போனதுலேர்ந்து தோட்டத்துல வேல இல்ல. பிள்ளைக்கு இந்த வருசம் எஸ்பிஎம், இன்னும் மூணு மாசந்தான் இருக்கு. பரீச்ச முடியுற வரைக்கும் எனக்கு அந்த வீடு வேணும்க்கா. அப்பறம் அடிச்சி வெரட்டுனாலும் போயிக்கிட்டே இருப்பேன்."

"ஆபீஸ் ஆளுங்க இங்க எதுக்கு வரப்போறாங்க?"

"சனிக்கெழம டின்னருக்கு எழுதுனது நீங்கதானே?"

நான்தான். தோட்டத்து ஆபீஸின் வருஷாந்தர விருந்து. நாற்பது பேர், நான்கு மேசை, ஒரு மேசைக்குச் சைவம். என் கையெழுத்திலேயே என் முன்னால் சுவரில் ஒட்டியிருந்தது. மேனேஜர் துரை, கணக்கு எழுதும் கிராணி, வேலை வாங்கும் கங்காணி எல்லாரும் அந்தப் படியில் ஏறித்தான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும். கங்காணி என்கிற பதவிக்கு இப்போது காகிதத்தில் வேறு பெயர். வாயில் அதே பெயர்தான்.

"தேதியைத்தான் எழுதியிருக்கேன்," என்றேன். "பென்சில்தான். அழிச்சிடலாம்."

"தேதி இல்லன்னாலும் பூ இருக்கே."

நான் எழுந்து போய்ப் படத்தை இறக்கினேன். ஆணி மட்டும் நின்றது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் நகரவில்லை.

"ஆண்ட்டி அனுப்புனத நான் அழிச்சிட்டேன். அவங்க போன்லயும் பக்கத்துல நின்னு அழிக்கவச்சிட்டேன். நீங்களும் அழிச்சிடுங்க."

"என்கிட்ட போன்ல இல்ல. இது பிலிம்."

"பிலிம்ல அழிக்க முடியாதா?"

"அழிக்க முடியாது. வெட்டத்தான் முடியும்."

கொஞ்சம் யோசித்தாள்.

"கத்திரி இருக்கா?"

மூன்றாம் மாடிக்கு ஏறினோம். விரிப்பறைக் கதவைத் திறந்ததும் வினிகர் வாசம். "ஊறுகா போடுறீங்களா?" என்றாள். சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். அங்கே சாப்பாட்டுக் கூடத்தின் பழைய விளக்குப் பலகை ஒன்று வைத்திருந்தேன். மீன் தலைக் குழம்பு என்று சீனத்தில் எழுதியிருந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டால் வெறும் வெள்ளை வெளிச்சம். அதன்மேல் நெகட்டிவைப் பரப்பினேன். ஆறு ஆறு படமாக வெட்டிய துண்டுகள்.

நெகட்டிவில் உலகம் தலைகீழ்ச் சாயம். மூட்டம் கறுப்பாக இருக்கும், இருட்டு கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். செவ்வந்திகள் கரித்துண்டுகள். நகம் அளவு உருவங்கள். பழகாத கண்ணுக்கு எல்லாம் கறை. அவளுக்கு இதைப் படிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த நினைப்பு வந்தபோது என் கை கத்திரியை எடுத்துவிட்டிருந்தது.

பதினேழும் பதினெட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பதினேழு ஆடிப்போன படம், எதற்கும் ஆகாது. பதினெட்டு, நான் இத்தனை வருஷம் தெருத்தெருவாகச் சுற்றியதில் கிடைத்த ஒன்று. இதை எழுதும்போது என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள வழி தேடிப் பார்த்தேன். இல்லை. பதினேழின் ஓரத்தில் கத்திரியை வைத்து, "இதுதான்," என்றேன்.

அவள் குனிந்தாள். மூச்சு பலகையில் பட்டது.

"பக்கத்துல இருக்குறது யாரு?"

கத்திரி பதினேழின் ஓரத்திலேயே நின்றது.

"அதுவும் நாந்தானே?"

கறுப்பு வெள்ளை புரண்டு, நகம் அளவு சுருங்கி, தலைமயிர் வெள்ளையாகிக் கிடந்த ஒரு முதுகு. ஆண்ட்டி இருந்திருந்தாலும் கண்டுபிடித்திருப்பார். இவர்களுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒன்றுதான்.

"ஆமா," என்றேன். "ரெண்டு எடுத்தேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கொழுந்தோடு முற்றின இலையையும் சேர்த்துக் கூடையில் போட்டவளைப் பக்கத்து நிரைக்காரி பார்ப்பாளே, அந்தப் பார்வை. காட்டிக்கொடுக்கவும் மாட்டாள், தெரியாததுபோல இருக்கவும் மாட்டாள்.

"நல்ல படம் எது?"

"இது."

"அத வச்சிக்கலாம்னு பாத்தீங்க."

"பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருப்பேன். யாருக்கும் தெரியாது."

"அன்னிக்கி மூட்டத்துல எனக்கும் அப்படித்தாங்க்கா தோணுச்சு."

இரண்டையும் சேர்த்து வெட்டினேன். முறத்தில் உளுந்து விழுவதுபோல் ஒரு சின்னச் சத்தம். அவள் அந்தத் துண்டை வாங்கி, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்து, கிளிப் வைத்த சில்லறைப் பர்ஸுக்குள் போட்டாள்.

இறக்கிய படம் விரிப்புகளின்மேல் சாய்ந்து கிடந்தது. சட்டத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கிழிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை அவள் அதை நேராகப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனில் பார்த்ததும் அழித்துவிட்டாள். சுவரில் இருந்ததைத் தலையாட்டலோடு தள்ளிவிட்டாள்.

"நான் இப்படியா நடக்குறேன்?"

நிரையில் எல்லார் முதுகும் அவளுக்குத் தெரியும். யார் குனிந்தால் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று தெரியும். தன்னுடையதை யார் காட்டியிருப்பார்கள்?

"தோளு இவ்ளோ எறங்கிப் போச்சா," என்றாள். "எம்சி எடுத்ததே இந்தத் தோளுக்குத்தான். நெசமாத்தான் வலிக்குது. வலிக்குதுன்னு சொன்னா டாக்டரு சிரிக்கிறாரு. எல்லாருக்கும் வலிக்கும்மான்னு ஒரு தைலத்தக் குடுக்குறாரு. அவருக்கு என் மூஞ்சி மட்டுந்தானே தெரியுது." கட்டைவிரலால் படத்தில் அந்தச் சரிவைத் தடவினாள். "இதக் காட்டுனா நம்புவாங்க. காட்டத்தான் முடியாது."

பழைய நியூஸ் பேப்பர் கேட்டாள். படத்தைச் சுருட்டி அதற்குள் வைத்து, இரண்டு முனையையும் மடித்தாள். பழகிய கை, மூன்று அசைவில் முடிந்துவிட்டது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே வந்து, குடையை விரித்து, மழைக்குள் இறங்கினாள். பின்னாலிருந்து பார்த்தேன். அதே கட்டு, அதே சரிவு, அதே மூட்டம். கேமரா என் சட்டைக்குள்தான் இருந்தது, சுருளில் இன்னும் ஒன்பது படம் மிச்சம் இருந்தது. கை போனது. எடுக்கவில்லை. அப்படியொன்றும் பெரிய தியாகமில்லை. அதற்குள் கதவு மூடிக்கொண்டது, கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கே விருந்துக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். தேவையில்லாமல் நான் அன்று வேலைக்கு நின்றேன். துரை, இளைஞர், போனைப் பார்த்தபடி படியேறிப் போய்விட்டார். கிராணியின் மனைவிக்குச் செருப்பு வார் அறுந்துபோனதால் அவர்கள் இருவரும் எதையும் பார்க்கவில்லை. கங்காணி பார்த்தார். பெரிய உடம்பு, படியேறினால் நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டும். மூச்சு வாங்கும் இடத்தில்தான் என் சுவர்.

"என்னாடா இது, எல்லாம் முதுகாவே இருக்கு," என்றார் யாரையும் பாராமல். பிறகு பக்கத்தில் போனார். "இது நம்ம லாரிக்காரன்ல? பின்னால சொரியுறத வுட மாட்டான், படத்துலயும் சொரியுறான் பாரு." அடுத்தது. "இது ரிங்லெட்டு டவுன் மீன்காரரு." அடுத்தது. "இது அந்த நேப்பாளி, ரெண்டாம் நம்பர் மெஷினு. எத்தன தடவ சொல்லிட்டேன், பெல்ட்ட ஏத்திக் கட்டுடான்னு." நாலாவதில் குடைக்குக் கீழே இருந்த கழுத்தை அரை நிமிடம் பார்த்துவிட்டு, "சர்ச்சுக்குப் பக்கத்து வீட்டு டீச்சரு," என்றார்.

நான்கு படம், நான்கு பேர். ஒன்றும் தவறவில்லை. நான் யாருமில்லை என்று நினைத்து எடுத்த ஒவ்வொருவருக்கும் வீடும் வேலையும் திட்டு வாங்கிய கணக்கும் இருந்தது.

கங்காணி ஆணியைத் தொட்டார். "இங்க என்னா இருந்துச்சு?"

"சட்டம் ஒடஞ்சிருச்சுங்க."

தவுக்கே அந்த நேரம் பார்த்துச் சமையற்கட்டிலிருந்து வந்தார். "அதுதான் எல்லாத்துலயும் அழகு," என்றார் மலாயில், உற்சாகமாக. "இவ பைத்தியம், எறக்கிட்டா. மூட்டத்துல ஒரு பொம்பள, கை நெறைய..."

"தவுக்கே, சூப்பு கொதிச்சி வழியுது!"

சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். தவுக்கே ஓடினார். சூப்பு எதுவும் வழியவில்லை. அதற்காக அடுத்த இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. கங்காணி கைப்பிடியைப் பற்றி மேலே ஏறினார். பாதியில் திரும்பி, "கை நெறைய என்னா?" என்று கேட்டார்.

"கோஸுங்க," என்றேன்.

"கோஸுதான் இந்த ஊருல எல்லாக் கையிலயும் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது கடிதம் வரவில்லை. ஆண்ட்டி வாரம் ஒருமுறை, நான் கேட்காமலே, "வரல," என்பார். வாளியை வைப்பார், சொல்வார், தூக்குவார். பரீட்சை வந்தது, போனது. நான் மற்ற நான்கு படங்களையும் ஒரு நாள் இறக்கினேன். தவுக்கே காரணம் கேட்டார். சுவர் ஈரம் என்றேன். அது பொய்யும் இல்லை.

பிறகு சில மாதம் கழித்து ஒரு காலை, மூட்டத்தை எடுக்கலாம் என்று கேமராவும் சட்டைக்குள் இருந்தது. வேலைக்கு முன்னால் டீ குடிக்க இறங்கியபோது, எதிர்ச் சாரி பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் எனக்கு முதுகு காட்டி நின்றாள். இரண்டு பெட்டி, ஒரு ரைஸ் குக்கர், கயிறு கட்டிய பீரோக் கதவு ஒன்று. தலைத்துண்டு இல்லை, பூட்ஸ் இல்லை. இடது தோள் சரிந்திருந்தது. நடந்துகொண்டிருந்த நான் நின்றேன். இந்த முறை எனக்குத் தெரிந்தது.

"எங்க, பயணமா?" என்றேன் போய்.

திரும்பிச் சிரித்தாள். "ஈப்போக்கா. பிள்ளைக்கு அங்க பாலிடெக்னிக் கெடச்சிருச்சு. அவளும் அவங்கப்பாவும் நேத்தே போயிட்டாங்க. நானே வேலய எழுதிக் குடுத்துட்டேன், வீட்டுச் சாவியயும். கிராணி கேக்குறாரு, ஏம்மா இவ்ளோ நல்ல வேலக்காரி போறியேன்னு." ரைஸ் குக்கர் மூடியைச் சரிசெய்தாள். "லெட்டர் ரெண்டும் அவரு பீரோவுலயே கெடக்கு. மறந்துட்டாரு போல."

"அந்தத் துண்டு இருக்கா?"

"எது?" யோசித்தாள். "ஓ, அதுவா! பர்ஸோட பாக்கெட்டுல கெடந்து வாஷிங்மெஷின்ல போயிருச்சுக்கா. எடுத்துப் பாத்தா ஒண்ணுமே இல்ல, வெறும் பிளாஸ்டிக்கு."

நான் எவ்வளவு நேரம் அந்தக் கத்திரியோடு நின்றிருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, எதற்கென்று தெரியாமலே.

"பெரிய படம்?"

"அது இருக்கு. பீரோவுக்குப் பின்னால ஒளிச்சி வச்சிருந்தேன். இப்ப பெட்டில, பொடவைக்கு அடியில. ஈப்போ பெரியாஸ்பத்திரியில காட்டப் போறேன். மொதல்ல அதத்தான் டாக்டரு மேசையில வைப்பேன். அப்பறந்தான் வாயத் தொறப்பேன்."

மலைத் திருப்பத்தில் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. சட்டைக்குள்ளிருந்து கேமராவை எடுத்தேன். "ஒண்ணு எடுக்கட்டுமா?"

கேட்டபிறகுதான் கவனித்தேன். பழக்கத்தில் என் கால்கள் அவளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவளும் கவனித்துவிட்டாள். பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து பீரோக் கதவைத் தூக்கினார். அவள் ரைஸ் குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் படியில் ஏறி, என்னைப் பார்க்கத் திரும்பினாள்.

"முன்னால வந்து எடுங்கக்கா. மூஞ்சிய வச்சு யாருக்கும் என்னயத் தெரியாது லா."